பெரியம்மாவின் ஜெப நோட்டு

"அந்த நோட்டை மட்டும் கூட்டத்துல படிக்காதம்மா" என்றார் சபைச் செயலர்.

ஆலயத்தை ஒட்டிய சின்ன அறை. அரை மணி நேரத்தில் ஜெபப் பெரியம்மாவின் நினைவு ஆராதனை தொடங்க வேண்டும். பெரியம்மாவின் மகள் தடிமனான நீள நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்ணா? அம்மாவைப் பத்தி நான் பேசுறதைவிட அம்மா எழுதினது பேசட்டுமே. யார் பேரையும் சொல்ல மாட்டேன். நாலே நாலு ஜெபக் குறிப்பு, அவ்வளவுதான்."

பேரைச் சொல்லாவிட்டால் தெரியாதாமா! இந்தச் சபையில் 'ஒரு சகோதரருக்கு முழங்கால் வலி' என்றால் போதும். ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எந்தச் சகோதரர், எந்த முழங்கால் என்பதுவரை வெளியே வந்துவிடும்.

பெரியம்மா மட்டும் அந்த ரகம் இல்லை. நூற்றுச் சொச்சம் குடும்பங்களும் தங்கள் மனக்குறையை அவரிடம்தான் கொட்டின. இரண்டாவது பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். நோட்டில் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். வாரம் தவறாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து ஜெபித்துவிட்டு, கீழே ஒரு கோடு போடுவார். பெற்ற மகளிடம்கூட மூச்சு விடமாட்டார். அவர் இறந்த செய்தி வந்ததும் சபையே அழுதது. கண்ணைத் துடைத்த கையோடு, நோட்டு யாரிடம் இருக்கிறது என்றும் விசாரித்தது.

செயலருடைய பயம் ஒன்பது வருடப் பழசு. அவர் மனைவி முதன்முதலில் ஆராதனையில் தனிப்பாட்டுப் பாடிய ஞாயிறு அது. வீட்டுக்கு வந்ததும் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். சாப்பாடு இன்னும் மேசைக்கு வரவில்லை. பசி நேரத்தில் உண்மை பேசும் கணவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். தேவதூதர் பாடினமாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டார்.

அன்று பிடித்தது வினை. அடுத்த ஞாயிறும் பாடினாள், அதற்கடுத்த ஞாயிறும் பாடினாள். ஆர்கன் ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள், கடைசிச் சரணத்தில் எங்காவது சந்தித்தால் உண்டு. செயலரின் மனைவி ஆயிற்றே, யார் வாயைத் திறப்பார்கள்? பொறுக்க முடியாமல் ஒருநாள் செயலரே பெரியம்மாவிடம் போய், அவள் பாட்டை நிறுத்த ஜெபம் பண்ணுங்கள் என்று கெஞ்சினார். அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிந்தால் மனசு உடைந்துபோவாள் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்.

ஜெபத்துக்குப் பதில்தான் வரவில்லை. ஆண்டவருக்குச் சங்கீத ஞானம் கொஞ்சம் கம்மியோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்ததுண்டு.

இப்போது அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் வரப்போகிறது. 'மனைவி பாடுவதை நிறுத்த வேண்டும் என்று ஒரு சகோதரர்' என்றால், மனைவி தனிப்பாட்டுப் பாடும் சகோதரர் சபையில் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்?

நேரம் போதாது என்றார். பேசுவதற்குப் பதினோரு பேர் இருக்கிறார்கள் என்றார். கடைசியில் மகள் நோட்டையே அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"நான் இன்னும் இதைத் திறக்கலண்ணா. மனசு வரல. படிக்கிறமாதிரி நாலு பக்கம் நீங்களே எடுத்துக் குடுங்க."

செயலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆராதனை தொடங்கியது. பெரியம்மா தன்னைத்தான் சொந்த மகனைப் போல நேசித்தார் என்றார் போதகர். இல்லை, தன்னைத்தான் என்றார் ஆர்கன் வாசிப்பவர். பதினோரு பேரும் பெரியம்மாவின் ஒரே செல்லப் பிள்ளை. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். கேட்டதை யாரிடமும் சொல்லாத வாய், அதைப்போல ஒரு ஆசீர்வாதம் சபைக்கு இனிமேல் கிடைக்காது என்றார்கள்.

அடுத்து, செயலரின் மனைவி பாட எழுந்தாள். ஞாயிறுதோறும் அவரே நிரப்பித் தரும் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஒரு மிடறு குடித்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். வழக்கம்போல அவர் தலையசைத்தார். அவள் தொடங்கினாள்.

முன் பெஞ்சில் உட்கார்ந்தபடி செயலர் தன் பக்கத்தைக் கண்டுபிடித்தார். 'செயலர். மனைவி பாட்டை நிறுத்த வேண்டும். அவளிடம் சொல்லக் கூடாது.' கீழே பொடிப்பொடியாக ஒன்பது வருடக் கோடுகள். ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. இந்த அற்ப விஷயத்துக்கா பெரியம்மா இவ்வளவு பாடுபட்டார் என்று கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். இருந்தாலும் காரியம் முக்கியம். தாளின் ஓரத்தைப் பிடித்தார். அவள் பாடும்போது காகிதம் கிழிவது யாருக்குக் கேட்கப்போகிறது? ஒன்பது வருடத்தில் அந்தப் பாட்டால் கிடைத்த முதல் உபயோகம்.

கிழிக்குமுன் தாளைத் திருப்பினார். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது. தேதி அதே வாரம்.

'செயலர் மனைவி. மைக்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறதாம். பாட்டை விட்டுவிட ஆசை. ஆனால் இவள் பாட்டென்றால் அவருக்கு உயிராம், நிறுத்தினால் மனசு உடைந்துபோவாராம். தொடர்ந்து பாடப் பெலன் வேண்டும். அவரிடம் சொல்லக் கூடாது.'

அதன் கீழும் ஒன்பது வருடக் கோடுகள். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு வரி: 'ஆண்டவரே, இரண்டு பேரும் என் வாயைக் கட்டிவிட்டார்கள். நீராவது சொல்லக் கூடாதா?'

செயலருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பாட்டை முடிக்கப்போன மனைவி அதைப் பார்த்துவிட்டாள். நடுங்கும் கையால் மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்காக முதல் சரணத்திலிருந்து மறுபடியும் பாடத் தொடங்கினாள்.