முதல் ஆமென்

கணவர் போனை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டார் என்றால் வீட்டில் ஈ பறக்கக் கூடாது.

மின்விசிறி நிற்க வேண்டும். குழாய் சொட்டக் கூடாது. ஃப்ரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கியாக வேண்டும், அது உறுமுகிறதாம்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நிற்பாள். நான்கு வருஷமாக விடிகாலை ஐந்தரைக்கு இதே கூத்துதான்.

"அன்பானவர்களே, இன்றைய தியானப் பகுதி..."

அவளிடம் பேசுகிற குரல் இல்லை அது. தேனில் தோய்த்து எடுத்த குரல். அவர் தினமும் பேசிப் பதிந்து அனுப்பும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

இன்றைக்குக் கைகால் விழுந்த திமிர்வாதக்காரன் கதை. நான்கு பேர் அவனைப் படுக்கையோடு சுமந்து வந்து, கூட்டத்தில் நுழைய வழியில்லாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கினார்களே, அது.

வாசித்து முடித்து, குரலை இறக்கினார். "இதை வாசிச்சப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நான் அந்த வீட்டுக்காரனா இருந்தா..."

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது. மாமியார் எழுதியது. ஐம்பது வருஷம் தினம் ஒரு அதிகாரம் வாசித்து, அந்த வேதாகமத்தின் ஓரமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போன மனுஷி. மாமியார் 'வீட்டுக்காரியா இருந்தா' என்று எழுதியதை இவர் 'வீட்டுக்காரனா' என்று மாற்றிக்கொண்டார். இவருடைய உழைப்பு அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தால்தான் வீடு இரண்டாயிற்று. மாமியாரை அடக்கம் செய்த மறுநாள், "எனக்குப் பங்கே வேண்டாம்ணா, அம்மாவோட வேதாகமத்தை மட்டும் குடுத்துடு" என்று தம்பி கேட்டான். இவர் மாடியைக் கொடுத்தார். புத்தகத்தைக் கொடுக்கவில்லை. ஐந்து வருஷமாக ஒரே படிக்கட்டில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

மாடியில் தொம்மென்று ஒரு சத்தம்.

கூடவே ஒரு டம்ளர் உருண்டு, உருண்டு, நின்றது.

"என்னங்க..."

அவர் திரும்பாமலே கையைத் தூக்கினார். பிறகு உதட்டைச் சுழித்து, பதிவை நிறுத்தினார்.

"கெடுத்துட்டான் பாரு. நான் பேசுற நேரமாப் பார்த்துத்தான் அவனுக்குத் தட்டுமுட்டு உருட்டணும்."

"ஆள் விழுந்த மாதிரி இருக்குங்க. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ஆறு நிமிஷத்துல செத்தா போயிடுவான்? நீ கதவைத் திறந்தா அது கிறீச்சுங்கும். பேசாம நில்லு. நேரமாச்சு, முதல் ஆள் காத்துட்டு இருப்பாரு."

முதல் ஆள் என்பது பெயரில்லாத ஒரு நம்பர். பதிவு போன கையோடு அதைத் திறந்து, எல்லாருக்கும் முன்னால் ஒரே ஒரு 'ஆமென்' போடுகிறவர். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. "யாரோ, எந்த ஊரோ, இந்த ஒரு ஆத்துமா போதும்டி எனக்கு" என்று இவர் உருகுவார். அப்போதெல்லாம் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இப்போது அவள் கதவைப் பார்த்தாள்.

"அன்பானவர்களே..." மறுபடியும் முதலிலிருந்து. அதே தேன்.

கதவுக்கு நான்கே அடி. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. ஆனாலும் நின்றாள். நின்று நின்று பழகிய கால்.

"...நான் அந்த வீட்டுக்காரனா இருந்தா, முதல்ல என் கூரையைத்தான் பார்த்திருப்பேன், நோயாளியை இல்லை. ஆண்டவரே, மன்னியும்."

அவள் தலைக்கு மேலே பார்த்தாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை.

பதிவு போனதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மாடிக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கொழுந்தன் மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தான். கை சூடாக இருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். எடுத்து, மறுபடியும் வைத்தாள். ஒன்றும் இல்லை.

மேசைமேல் கடையில் வாங்கிய ஒரு வேதாகமம், இன்றைய பகுதியில் திறந்திருந்தது. முந்தின பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. கீழே அண்ணன் பேசி அனுப்பியதை, மேலே போனில் கேட்டு எழுதியது. அண்ணன் 'நான் ஒரு தகப்பனா' என்று பேசிய இடத்தில் இவன் 'நான் ஒரு தாயா' என்று எழுதியிருந்தான். அம்மா எழுதிய மாதிரியே.

இன்றைய ஓரம் காலியாக இருந்தது. பக்கத்தில் சீவிவைத்த பென்சில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கணவர் குளிக்கப் போன நேரத்தில், அவர் போனில் கொழுந்தனின் புது நம்பரைக் குழுவில் சேர்த்துவிட்டதே அவள்தான். "அம்மா பேசுற மாதிரியே இருக்கு அண்ணி. நான்தான்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, நிறுத்திடுவாரு" என்று அன்றைக்கே சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்த போன், புதிய பதிவு ஒன்று வந்திருப்பதைக் காட்டி மின்னிக்கொண்டிருந்தது.

கீழே நாற்காலி நகர்ந்தது. படிக்கட்டின் அடியிலிருந்து கணவரின் குரல் வந்தது. தேன் இல்லாத குரல்.

"ஏய், என்னடி இது, எல்லாரும் ஆமென் போட்டாச்சு. நம்ம முதல் ஆளை மட்டும் காணோமே?"

அவள் கொழுந்தனின் கண்களை மூடிவிட்டாள்.

"இங்கதான் இருக்காரு," என்றாள். "மேல வந்து பாருங்க."