இந்தியத் தட்டு

ரசம் கசிந்துவிட்டது.

பேப்பர் தட்டு. சூடு தாங்கவில்லை. அடி ஊறி, தரையில் ஒரு மஞ்சள் கோடு அவள் அம்மாவின் காலை நோக்கி ஓடியது.

அம்மா சேலைத் தலைப்பால் துடைக்கக் குனிந்தாள்.

"விடுங்க, விடுங்க. நீங்க போனப்புறம் நானே கழுவி விட்டுக்கறேன்" என்றார் அவனுடைய அம்மா. சிரித்துக்கொண்டேதான்.

கல்யாணப் பேச்சு. முதல் முறை அவன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் எவர்சில்வர் தட்டு. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. அவளுக்கும் அம்மாவுக்கும் பேப்பர் தட்டு.

அலமாரி நிறைய எவர்சில்வர் தட்டுகள் சாய்ந்து நின்றன.

வந்து உட்கார்ந்ததும் அவன் அப்பா கேட்டிருந்தார்.

"ஊருல எந்தப் பக்கமுங்க?"

"காலனிங்க" என்றாள் அம்மா. மகளைக் காட்டி, "எங்க தெருவுல மொத டிகிரி இவதானுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். பெருமையாக.

அதுவரை அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்த தட்டுச் சத்தம் நின்றது.

அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

அவள் வாயாடி. பெண்களைக் களப்பயணத்துக்கு அனுப்ப யோசித்த ஜியாலஜி துறைத் தலைவரை, வகுப்பே பார்த்திருக்க நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவள்.

இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அந்தக் களப்பயணத்தில்தான் அவன் பழக்கமானான். சேர்வராயன் மலையில் ஒரு பாறைச் சரிவில் உட்கார்ந்து, இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள்.

"உங்க வீட்டுல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

உட்கார்ந்திருந்த பாறையைத் தட்டிக் காட்டினான். "இதுவே நகருது. எங்க வீடு நகராதா? டைம் குடு."

அழகாக இருந்தது. நம்பிவிட்டாள்.

கோடி வருடக் கணக்குப் பேசுகிறவனிடம், எவ்வளவு டைம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. தன் பெயருக்கு மேலே அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

பூமித் தட்டுகள் நகராமல் சிக்கிக்கொள்ளும் இடத்தில்தான் விசை சேரும். சத்தமே இருக்காது. தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

"மோர் ஊத்தட்டுமா?" என்றார் அவன் அம்மா.

"போதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். போதுங்க.

'ங்க' வேறு.

அம்மா இரண்டு பேப்பர் தட்டுகளையும் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலைத் தாண்டி, தெருத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். எங்கே போடுவது என்று கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

காலேஜ் சேர்ந்த புதிதில் ஒருநாள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். "இந்தியத் தட்டு வடக்கால நகருதும்மா."

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எந்தத் தட்டு?"

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் கேலி. பசியோடு வந்தால், "இந்தியத் தட்டக் கழுவி வச்சிருக்கேன், சோறு போட்டுக்க" என்பாள்.

வீட்டில் இருப்பதே இரண்டு தட்டு. இரண்டிலும் பெயர் இல்லை.

பாதி தூரம் வந்தபிறகு அம்மா வாய் திறந்தாள்.

"ஏங்கண்ணு, அந்த இந்தியத் தட்டு என்ன வேகத்துல நகருதுன்ன?"

அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நகம் வளர்ற வேகத்துலம்மா."

அம்மா விரல்களை விரித்துப் பார்த்தாள். கல் கிரஷரில் சல்லி அள்ளி அள்ளி, நகம் சதையோடு தேய்ந்துபோன விரல்கள். அந்தக் கூலியில்தான் இவள் பாறைகளைப் பற்றிப் படித்தாள்.

"அப்ப எனக்கு நகராது" என்று அம்மா சிரித்தாள். கையைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். தலைப்பில் ரசத்தின் மஞ்சள் காய்ந்திருந்தது.

மடியில் போன் அதிர்ந்தது.

அவன்தான். 'தப்பா நினைக்காத. கொஞ்சம் டைம் குடு.'

பதில் எழுத விரலை நீட்டினாள். நகங்கள் பளபளத்தன. அவன் வீட்டுக்குப் போவதென்று காலையில் ஆசையாகப் பூசிய சிவப்பு.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கட்டைவிரலில் இருந்து சுரண்ட ஆரம்பித்தாள்.