மடிக்காத இலை

கோபம் ஏன் வரவில்லை?

பாக்கியலட்சுமி தன்னையே கேட்டுக்கொண்டாள். காலையில் கோபத்தோடுதான் வந்து உட்கார்ந்தாள். இப்போது தேடிப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

வயிற்றில் இனி ஒரு பருக்கைக்கும் இடமில்லை. ஆனாலும் இலையை மடிக்க முடியாது.

மடித்தால் எழ வேண்டும். அவள் எழுந்துவிட்டால் அந்த மேசையில் ஆண்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஆண்கள் மட்டும் இருந்தால் அது குடும்பம் இல்லை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலிருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிக் கதவில் போன வாரம் முதலாளி ரெங்கசாமி ஒட்டிய அறிவிப்பின் அர்த்தம் அதுதான். கீழ்த்தளம் குடும்பங்களுக்கு. தங்கும் விடுதிகளிலிருந்து வரும் வெளிநாட்டு ஊழியர்கள் மாடிக்கு.

மாடியில் ஏர்கான் இல்லை. அதே சாம்பார், அதே விலை. வியர்வை மட்டும் கூடுதல்.

இன்று ஞாயிறு. துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து முதல் முறையாக இந்தக் கடைக்கு வந்த கோவிந்தராசுவும் இரண்டு நண்பர்களும், இஸ்திரி போட்ட சட்டையோடு, அறிவிப்பைப் படித்துவிட்டு மாடிப்படியின் பக்கம் திரும்பினார்கள். ஜன்னலோரப் பெரிய மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த பாக்கியலட்சுமி எதிரிலிருந்த நாற்காலிகளைக் காட்டினாள்.

"வேணாம்க்கா. உங்களுக்குத்தான் தொந்தரவு."

"அக்கான்னு சொல்லிட்டீங்கல்ல? அப்புறம் என்ன, ஃபேமிலிதான். உக்காருங்க."

பரிமாறுகிற சேவியர் அவளைப் பார்த்தான். தூரத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்காமல் மூன்று இலைகளை விரித்தான்.

அவர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். மூன்று தடவை மோர் கேட்டார்கள். எழுந்து போகும்போது கோவிந்தராசு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான், உண்மையிலேயே அக்கா வீட்டிலிருந்து கிளம்புகிறவனைப் போல.

வாசலில் இன்னும் நாலு பேர் தயங்கி நின்றார்கள். அவள் இடது கையை அசைத்துக் கூப்பிட்டாள். சேவியர் கேட்காமலேயே அவள் இலையில் மறுபடி சோறு வைத்தான்.

நியாயத்துக்காகப் பட்டினி கிடந்தவர்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறாள். அடிக்காமல், ஏசாமல், தங்கள் உடம்பை மட்டும் முன்னால் வைத்தவர்கள். அவர்கள் யாருக்கும் நாலாவது கரண்டி பாயசம் கிடைத்திருக்காது.

எதிரில் நிற்பவரை வெறுக்காமல் இருப்பதுதான் அதில் கடினம் என்று ஆசிரியை சொன்னது நினைவிருந்தது. அவளுக்கு அது கடினமாக இல்லை. முதலாளி கெட்டவர் அல்ல. பயந்தவர். கூட்டத்தைப் பார்த்துக் குடும்பங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்று பயம்.

ஆனால் ஒரு குடும்பமும் போகவில்லை.

அடுத்த மேசையில் குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பெண் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. குழந்தையின் தள்ளுவண்டியைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"இங்கயும் ரெண்டு சீட் காலியா இருக்குலா! வாங்க, வாங்க!"

அதற்கும் அடுத்த மேசையில் யாரோ கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்தார்கள். படியேறப் போனவர்கள் பாதிப் படியிலிருந்து இறங்கினார்கள்.

பாக்கியலட்சுமிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த, அந்த நாலு பேரில் ஒருவனான ஆரிஃப் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "காலையில எனக்கு ஊர்ல ஒரே ஒரு அக்கா. இப்பக் கடை முழுக்க அக்கா."

மேசையே சிரித்தது. அவள் புரையேறும்வரை சிரித்தாள்.

அப்போதுதான் முதலாளி அவளிடம் வந்தார். காதில் செருகிய பேனா, கலைந்த தலைமுடி. அவருக்குப் பின்னால் பணம் கட்ட நின்றவர்களின் வரிசை வாசலைத் தொட்டிருந்தது. யார் காதிலும் விழாமல் குனிந்தார்.

"பாக்கியம், போதும்லா. கல்லாவுக்கு வா. தனியா என்னால முடியல. மிச்சத்த வீட்ல பேசிக்கலாம்."

அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பியிருந்தார்.

அவள் மாட்டேன் என்று மெதுவாகத் தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியை இடது கையால் இழுத்துப்போட்டாள்.

"சேவியர், முதலாளிக்கும் ஒரு இலை போடு."