இரண்டு கீறல்

மார்ச் 14, செவ்வாய்.

தவறு: பிப்ரவரி 3 அன்று ‘இன்று தவறு எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். அது சரியல்ல. அன்று நல்ல ஊசி ஒன்றைச் சிவப்புத் தட்டில் போட்டுவிட்டேன். சின்ன விஷயம்தானே என்று எழுதாமல் விட்டேன்.

மாலை வகுப்பில் அளவியல் எடுக்கும் சார் தினமும் நோட்டு எழுதச் சொன்ன முறை இது. முதலில் தவறு, கடைசியில் நாளைய வேலை. நான் ஒழுங்காகச் செய்கிறேனா என்பது இன்னும் சந்தேகம்தான்.

ஊசி என்றால் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி. விசையை இழுத்ததும் பாய்ந்து போய்த் தோட்டாவின் அடியைத் தட்டும். மயிரிழை குட்டையாக இருந்தாலும் எட்டாது. தோட்டா வெடிக்காது.

போருக்கு முன்பு எங்கள் கம்பெனி செய்தது தையல் ஊசி. ஒரே கொட்டகை, பத்தொன்பது பெண்கள். இயந்திரங்கள் மனிதர்கள்மேல் திரும்பிய மூன்றாம் மாதம் கொட்டகை போய்க் கட்டடம் வந்தது. இப்போது ஐந்து கட்டடம். சொந்தமாக ரயில் பாதை.

போன மாதம் முதலாளிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நம் ஊசி ஒவ்வொன்றும் ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்கிறது என்று மேடையில் பேசினார்.

பக்கத்து மேசை அக்கா என் காதருகே குனிந்தாள். “ஊசியால கண்ணத் தொடச்சா கண்ணு என்னடி ஆகும்?”

நான் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் குனிந்தேன்.

என் வேலை அளந்து பிரிப்பது. சரியான ஊசிக்கு முத்திரை குத்தி வெள்ளைத் தட்டில் வைக்க வேண்டும். குட்டையானதன் தலையில் அரத்தால் ஒரு கீறல் போட்டுச் சிவப்புத் தட்டில் எறிய வேண்டும். ஒரு கீறல் போதும். எனக்கு என்மேலேயே நம்பிக்கை கிடையாது. இரண்டு போடுவேன். அறுபது பேரில் இரண்டு போடுகிறவள் நான் ஒருத்திதான்.

சிவப்புத் தட்டு உலைக்குப் போகிறது, உருக்கிவிடுவார்கள் என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள்.

உலைக்கூடத்துப் புகைபோக்கியில் ஒரு வருடமாகக் காக்கை கூடு கட்டியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

இன்று மதியம் தம்பி விடுப்பில் வந்தான். இடது தோளில் கட்டு. அம்மா அவனுக்கு வெந்நீர் வைக்கப் போனாள். அவன் கழுத்துக் கயிற்றைச் சட்டைக்கு வெளியே இழுத்துக் காட்டினான். அதில் ஓர் ஊசி தொங்கியது.

“பன்னெண்டு பேரு போனோம்க்கா. என் துப்பாக்கி மட்டுந்தான் வெடிச்சுது. மத்ததெல்லாம் பல்லி கணக்கா டக்கு டக்குன்னுச்சு. இது என் ராசி ஊசி. புதுத் துப்பாக்கி குடுத்தாலும் இதைத்தான் மாட்டிக்குவேன்.”

மற்ற பதினோரு பேர் எங்கே என்று நான் கேட்கவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மா, “அக்கா கம்பெனி ஊசியாச்சே, அது எப்படிடா ஏமாத்தும்?” என்றாள்.

ஊசியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். தலையில் கீறல் இருந்தது. துடைத்தும் போகாத தட்டின் சிவப்புச் சாயம் கீறலுக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

இரண்டு கீறல்.

வகுப்புக்காக நானே அராவிச் செய்த அளவுத் தகடு பையில் இருந்தது. கம்பெனி அளவுதான். அதில் இரண்டு வெட்டு. சரியான ஊசி முதல் வெட்டில் நுழையும், இரண்டாவதில் நிற்கும். குட்டை இரண்டிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

தம்பியின் ஊசி முதல் வெட்டில் நுழைந்தது. இரண்டாவதில் நின்றது.

மறுபடி வைத்துப் பார்த்தேன். நின்றது.

பிப்ரவரி 3. நான் தவறாகக் கீறிச் சிவப்புத் தட்டில் போட்ட ஒரே நல்ல ஊசி.

தம்பி அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னான். “அந்தத் தகர மிஷினுங்களோட துப்பாக்கி மட்டும் ஒரு தடவகூடத் திக்கலக்கா.”

போன வருடம் எங்கள் மேசையில் ஒருத்தி குட்டை ஊசி ஒன்றைத் தெரியாமல் வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் அது திரும்பி வந்தது. கூடவே அச்சடித்த சீட்டு: ‘நீளம் 0.04 மில்லிமீட்டர் குறைவு. மாற்று அனுப்பவும்.’ கையெழுத்து இல்லை. அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். குண்டு விழும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறாரே, யாரோ நல்ல மனிதர் என்று அப்போது நினைத்தேன். நோட்டில்கூட எழுதி வைத்தேன்.

அதுவும் தவறு. மனிதர் என்று எழுதியது.

நம் ஆட்கள் பெட்டிமேல் இருக்கும் கம்பெனிப் பெயரை நம்பி வாங்குகிறார்கள். அளந்து பார்த்து வாங்குகிறவை வேறு. அவற்றுக்கு வெள்ளைத் தட்டு, நம் ஆட்களுக்குச் சிவப்பு.

தம்பி வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறான்.

என் மேசையில் ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பது சிவப்பு. எண்ணிக்கை மாறினால் சூப்பர்வைசர் கவனிப்பார். சீட்டு வர ஒன்பது நாள். ஒன்பது நாற்பது முந்நூற்று அறுபது. இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன்.

நாளைய வேலை: காலை ஆறு மணி ஷிப்ட். குட்டை ஊசி நாற்பதுக்கு முத்திரை, வெள்ளைத் தட்டு. நல்ல ஊசி நாற்பதுக்குக் கீறல், சிவப்புத் தட்டு. ஒரு கீறல் மட்டும்.