பின்னால் வருகிறவள்

தெருவாசிகள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து பொற்கொடியுடையதுதான். பைக்கில் வந்தவன் பின்னாலிருந்து அவள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய வருடம் அது. இப்போது தெருவில் பைக்கும் இல்லை, திருட்டும் இல்லை. மனுவில் கேட்டபடியே, யாருக்குப் பின்னாலும் பத்தடிக்குள் யாரும் வர முடியாது; காவல் கம்பங்கள் பார்த்துச் சொல்ல, தெருவே காலைப் பிடித்து நிறுத்திவிடும்.

பால் வாங்கித் திரும்பும்போது கம்பம் பேசியது. "அம்மா, பின்னால் ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறோம். தெரிந்தவரா, பாருங்கள்."

"திரும்பாதடி" என்றது ஒரு குரல்.

மெஹருன்னிசா. பள்ளிக்கூடம் போகையில் பின்னாலிருந்து ஓடிவந்து, மருதாணி மணக்கும் கையால் கண்ணைப் பொத்தி, "யாரு சொல்லு" என்பாள். மஸ்கட் போய்ப் பதினோரு வருடமாகிறது.

பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள். அது கூடாதென்று மனுவில் யாரும் எழுதவில்லை.

"இன்னும் நாலடிதான்டி, வா."