சகலை வீட்டுத் தோசை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். ஓக்லஹோமாவில் எப்போதும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும் என்பதால், ஜனாதிபதித் தேர்தல் வந்தும் தில்லைநாயகம் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை. இழுபறி மாநிலமான பென்சில்வேனியாவில், அவருடைய சகலை வீட்டிலோ வேட்பாளரே வந்து தோசை தின்றாராம்.

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்கு இன்னிக்கும் வராராம். நமக்கு நோட்டீஸ் குடுக்கக்கூட நாதியில்ல," என்றாள் மனைவி கோமளம்.

தில்லைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. வேட்பாளரின் விமானம் தலைக்கு மேல் பறந்தபோது கூரையேறிக் கத்தினார்: "ஐயா, நம்ம வீட்லயும் மாவு இருக்கு!"

விமானம் தாழ்ந்தது. வேட்பாளர் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"உங்க ஊரு ஓட்டு எப்படியும் நமக்குத்தானே சார்! அங்க தோசை ஆறிடும்."

அன்றே தில்லைநாயகம் பென்சில்வேனியாவில் வீடு தேட ஆரம்பித்தார்.

சகலைகள் இருவருக்குமே அமெரிக்காவில் ஓட்டு கிடையாது.