துவைத்த விரிப்பு

சிறுநீரகம் கெட்ட சந்தியாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ். நாலு மணி நேரமும் ஊசி ஏறாத கையால் டேப்லெட்டில் தன்னையே வரைவாள். மூன்றரைக்கு முடிந்ததும் படத்தை ஃபேஸ்புக்கில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் அம்மா கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு மாற்றுவாள். வந்ததும் பிள்ளை படுக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழியில் கச்சிராயபாளையத்தோடு பஸ் நின்றது. சந்தியா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மூன்றரைக்கு ஃபேஸ்புக்கில் அவள் பேரில் புதுப் படம் வந்தது. நூற்றுப்பன்னிரண்டு லைக். டேப்லெட் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது.

"நான் போடலம்மா, இங்கதான கீறேன்."

அம்மா விரிப்பை மாற்றினாள்.

வெள்ளியும் மறியல். சந்தியாவுக்குக் காலும் முகமும் வீங்கி மூச்சு வாங்கியது. கரும்பு வெட்டிலிருந்து ஓடி வந்த அண்ணன், வயல் வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று பைக் சாவியை எடுத்தான். அப்போது மணி மூன்றரை. அவன் போனில் படம் வந்தது. அதில் சந்தியா வீக்கம் வடிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் முடிஞ்சிட்ச்சே," என்றான்.

"நான் இங்கதாண்ணா கீறேன்."

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன."

சாவியை ஆணியில் மாட்டினான்.

அம்மா படத்துக்குக் கீழே, எப்போ வர என்று கேட்டு எழுதினாள். உடனே பதில் வந்தது: "பஸ் ஏறிட்டேம்மா."

அம்மா துவைத்த விரிப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"எய்ந்துரு," என்றாள் சந்தியாவிடம். "புள்ள வந்தா படுக்கணும்."